வெள்ளைக் கட்டைத் துப்பாக்கி

ஆரஞ்சுத் தோட்டத்து அக்காவின் துப்பாக்கியைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் அந்தப் பக்கத்தில் குறைவு. ஒற்றைக் குழல் துப்பாக்கி. குழலை நடுவில் மடக்கி, சிறு ஈயக் குண்டுகள் அடைத்த ஒரே ஒரு தோட்டாவைச் செருகி, மூடி, வெடித்து, மறுபடி மடக்கி, சூடான காலித் தோட்டாவை நகத்தால் நெம்பி எடுப்பதற்குள் காக்கை அடுத்த மரத்துப் பழத்தையும் கொத்திவிட்டுப் போயிருக்கும். அதுகூடப் பரவாயில்லை, பழைய துப்பாக்கிகள் எல்லாம் அப்படித்தான். சிரிப்புக்குக் காரணம் அதன் பின்கட்டை. தோளில் பதிக்கிற அந்த மரப்பாகம் மற்றவர்களுடைய துப்பாக்கிகளில் கருங்காப்பி நிறத்தில் எண்ணெய் ஊறிப் பளபளக்கும். அக்காவுடையது உரித்த முள்ளங்கி மாதிரி வெளேரென்று இருந்தது.

முதலில் அதுவும் கறுப்பாகத்தான் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் வரப்பு வழுக்கி அவள் விழுந்தபோது கைப்பிடி ஓரமாக இரண்டாகப் பிளந்துவிட்டது. துப்பாக்கிக் கடைக்காரர் கையை விரித்தார். இந்த ரகத்தையே நிறுத்தி எத்தனையோ காலமாகிவிட்டது, இதற்குக் கட்டைக்கு எங்கே போவது என்றார். கடைசியில் பழப்பெட்டி அடித்துக் கொடுக்கும் தச்சர்தான் கைகொடுத்தார். பெட்டிக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவள் தோட்டத்திலேயே காற்றில் சாய்ந்த கிழட்டு எலுமிச்சை மரத்தின் அடித்தண்டு அவர் பட்டறை மூலையில் காய்ந்துகொண்டு கிடந்தது. அதைச் செதுக்கி, பழைய கட்டையை அளவு பார்த்து, திருகாணி முடுக்கிக் கொடுத்துவிட்டார். எவ்வளவு உதை வாங்கினாலும் உடையாது, ஆனால் அழகை மட்டும் தன்னிடம் கேட்கக் கூடாது, சாயம் பூசிக்கொள்வது அவரவர் இஷ்டம் என்று சொல்லிவிட்டார்.

சாயம் பூச வேண்டும் என்று அக்காவும் நினைத்தாள். அறுவடை வந்தது, பிறகு கிளை வெட்டும் கவாத்து வந்தது, பிறகு உரம் வந்தது. அவளுக்கு எப்போதும் தலைக்கு மேல் வேலை. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் தம்பி, இந்த மானக்கேட்டை என்னால் பார்க்க முடியவில்லை என்று ஒரு டப்பா கறுப்பு வார்னிஷ் வாங்கிக்கொண்டு வந்து சமையலறை அலமாரியின் மேல் வைத்துவிட்டுப் போனான். அது அங்கேயே இருந்தது.

இந்தத் துப்பாக்கியைப் பார்த்துச் சிரிக்காத ஆள் ஒருவர் உண்டென்றால் அது பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர்தான். அவருக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். காரணம் கோழிகள். காலையில் அவை முட்டையிட உட்காருகிற நேரமும், காக்கைகள் ஆரஞ்சு மரங்களில் வந்து இறங்குகிற நேரமும் ஒன்றாக இருந்தன. இங்கே ஒரு வெடி வெடித்தால் அங்கே கொட்டகை முழுக்க ஒரே அலறல். கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூலையில் அப்பிக்கொள்ளும், அன்றைக்கு முட்டை பாதிதான். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பண்ணைக்காரர் நின்று முறைப்பார். அக்காவும் சளைத்தவள் இல்லை. அவருடைய பண்ணை நாற்றத்தில் தன் வீட்டில் சோறு இறங்கவில்லை என்பாள். அதைவிடப் பெரிய குறை ஒன்றும் இருந்தது. அவருடைய தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறபோதெல்லாம் அந்தத் தண்ணீர் வாய்க்காலைத் தாண்டி அவளுடைய கடைசி வரிசை மரங்களின் காலடியில் வந்து தேங்கியது. வேர் அழுகி மரங்கள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன.

அந்த வருடம் பழ மண்டியில், எடை போடுகிற இடத்தில், அத்தனை பேர் நடுவில் இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றிவிட்டது. அவர் போலீசில் எழுதிக் கொடுத்து அந்தத் துப்பாக்கியைப் பிடுங்கிப் போட வைக்கிறேன் என்றார். அக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா? "பிடுங்குறதுக்கு முன்னாடி உங்க தண்ணித் தொட்டிய ஒருநாள் ஓட்டை போட்டுக் காட்டுறேன், பாத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த வெள்ளைக் கட்டையை வைத்துக்கொண்டா என்று யாரோ கேட்க, இன்னும் சிரித்தார்கள். சண்டை அதோடு போயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்த வாரமே அந்தத் தொட்டியில் ஓட்டை விழுந்தது.

பொழுது சாய்ந்து வெளிச்சம் மங்குகிற நேரம். அக்கா வீட்டில் தனியாக உட்கார்ந்து பழம் பறிக்கிற கத்தரிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். வாய்க்கால் பக்கம் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. யாரோ முயலுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் பண்ணைப் பக்கம் கூச்சல் கேட்டது. ஒரு வேன் வேகமாகக் கிளம்பிப் போயிற்று. கோழிதான் மறுபடி மிரண்டிருக்கும், நாளைக்கு இதற்கும் என்னைத்தான் திட்டப்போகிறான் மனுஷன் என்று முணுமுணுத்துக்கொண்டு அவள் கதவைச் சாத்தினாள்.

காலையில் கதவைத் தட்டியவர்கள் போலீஸ்காரர்கள். துப்பாக்கியை எடுத்துவரச் சொன்னார்கள். குழலை மடக்கி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்த ஏட்டு, இன்னொருவரைப் பார்த்துத் தலையாட்டினார். மருந்து வாசனை இருக்கத்தான் செய்யும். முந்தின நாள் காலையில்தான் காக்கைக்கு வெடித்திருந்தாள். அதைச் சொன்னாள். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், எழுதிக்கொள்ளவில்லை. பண்ணையில் முட்டை பொறுக்குகிற பெண் காலில் குண்டு பாய்ந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், தண்ணீர்த் தொட்டி சல்லடையாகிவிட்டது என்று அவர்கள் சொன்னார்கள்.

"தொட்டியா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. நீங்க சொன்ன அதே தொட்டி" என்றார் ஏட்டு.

காவல் நிலையத்தில் ஆய்வாளர் மரியாதையாகத்தான் பேசினார். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. மண்டியில் அவள் பேசிய பேச்சைக் கேட்ட ஆட்கள் ஏற்கெனவே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். சொன்னவர்களில் அவளிடம் வருடா வருடம் பழம் வாங்குகிறவர்களும் இருந்தார்கள். அவர்கள் பொய் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொன்னதைத்தான் சொன்னார்கள். சுட்டவரைப் பார்த்த ஒரே ஆள் பண்ணைக்காரர்தான், அவர் ராத்திரியிலிருந்து அந்தப் பெண்ணோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அவர் வந்து அடையாளம் சொன்னதும் மேற்கொண்டு பார்க்கலாம் என்றார் ஆய்வாளர். பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

அந்தப் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்த நேரத்தை அவள் பிறகு யாரிடமும் விவரித்ததில்லை. தம்பி டிப்போ உடையோடு, கையில் கிரீஸோடு ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தான். வக்கீலைப் பார்க்கட்டுமா என்றான். யார் வந்து என்ன செய்ய முடியும், பார்த்த ஆள் அந்த மனுஷன் ஒருத்தர்தானே என்றாள். அவளுக்கு எல்லாம் கண்முன்னால் ஓடியது. லைசென்ஸ் போகும். அது போகட்டும். ஒரு பெண்ணின் காலைச் சுட்டவள் என்கிற பேர் வரும். அது போகாது. அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் சொல்லாமல் இருக்கப்போகிறார்? வருடக்கணக்கில் அவர் கேட்டதெல்லாம் இதுதான். இன்றைக்குத் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். தான் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்தாள். நல்ல பதில் ஒன்றும் உடனே வரவில்லை.

மதியம் தாண்டித்தான் பண்ணைக்காரர் வந்தார். சட்டையில் காய்ந்த ரத்தம். கண் சிவந்திருந்தது. பெஞ்சில் இருந்தவளைப் பார்த்தார். ஆய்வாளர் மேஜைக்கு எதிரே போய் நின்றார். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் கேட்டது.

கொட்டகையின் படுதாவை இறக்கிவிடப் போனபோது பார்த்தேன் என்று அவர் சொன்னார். வாய்க்கால் கரையில் ஒரு உருவம், தோளில் துப்பாக்கி. என்ன ஏது என்று கேட்பதற்குள் வெடித்துவிட்டது. தொட்டியில் தண்ணீர் பீறிட்டது, தொட்டியடியில் கை கழுவிக்கொண்டிருந்த பெண் அலறி விழுந்தாள். இவர் சத்தம் போட்டுக்கொண்டு வேலிவரை ஓடினார். அந்த உருவம் துப்பாக்கியைக் கையில் தூக்கிக்கொண்டு புதருக்குள் ஓடிவிட்டது. ஆணா பெண்ணா என்று ஆய்வாளர் கேட்டார். தெரியவில்லை, தலையில் துண்டு கட்டியிருந்தது என்றார் இவர்.

ஆய்வாளர் அக்காவை நோக்கிக் கையைக் காட்டினார். "இவங்களாத்தானே இருக்கும்?"

"அந்தத் துப்பாக்கிய எடுங்க" என்றார் பண்ணைக்காரர்.

எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். அவர் அதைத் தொடவில்லை. நின்றபடியே பார்த்தார்.

"இது இல்ல."

ஆய்வாளர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இருட்டிக்கிட்டிருந்த நேரம்."

"இருட்டிக்கிட்டிருந்ததாலதான் சார் சொல்றேன். நான் பாத்தது முனையிலிருந்து அடிவரைக்கும் ஒரே கறுப்பு. இந்தக் கட்டை அப்படித் தெரியாது. எவ்வளவு இருட்டினாலும் இது மட்டும் தனியா வெள்ளையாத் தெரியும். வருஷக்கணக்கா வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு இதத்தான் திட்டிக்கிட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"இவங்க உங்களை மிரட்டியிருக்காங்க."

"மிரட்டினாங்க. எனக்கும் இவங்களுக்கும் ஆகாது, அது எல்லாருக்கும் தெரியும். இந்தத் துப்பாக்கிய நீங்க வாங்கி வச்சுக்கிட்டா எனக்குச் சந்தோஷம்தான். அதுக்காகப் பாக்காததப் பாத்தேன்னு எப்படிச் சொல்றது?"

ஆய்வாளர் இன்னும் இரண்டு மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். பதில் மாறவில்லை. பண்ணைக்காரர் கையெழுத்துப் போட்டார், வெளியே வந்தார், பெஞ்சைத் தாண்டிப் போனார், ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். அக்கா எழுந்து வாசல்வரை ஓடினாள். என்ன சொல்ல ஓடினாளோ, அது நாக்கில் வருவதற்குள் ஸ்கூட்டர் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

அன்று மாலையே அவளை அனுப்பிவிட்டார்கள். துப்பாக்கியை மட்டும் விசாரணை முடியும்வரை வைத்துக்கொண்டார்கள். தம்பி வீட்டுக்குக் கூட்டிவந்து டீ போட்டுக் கொடுத்தான். அலமாரியின் மேலிருந்த வார்னிஷ் டப்பா அவன் கண்ணில் பட்டது. தான் வாங்கி வந்த அன்றே அக்கா இதைப் பூசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுவிட்டு, எல்லாம் அதிர்ஷ்டம், கட்டை வெள்ளையாக இருந்ததால் தப்பித்தாய் என்றான்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "கட்டை வெள்ளையா இருந்துச்சு, சரி. அது வாயத் திறந்து பேசிச்சா? பேசினது அந்த மனுஷன்டா."



பெட்டிக்காரர் மட்டும் பாராட்டு முழுவதையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். மண்டியில், டீக்கடையில், ஆணி வாங்கப் போன இடத்தில் எல்லாம், நான் போட்ட கட்டைதான் அந்த அம்மாவைக் காப்பாற்றியது, சாயம் பூசாதீர்கள் என்று அன்றைக்கே சொன்னேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அக்கா அதைத் திருத்தவும் இல்லை. ஒரு கூடை பழத்தோடு பட்டறைக்குப் போய், நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். பெட்டிக்காரர் அதை எதிர்பார்க்கவில்லை. உளியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பெட்டிக்காரருக்கு நன்றி சொல்வது சுலபமாக இருந்தது. பண்ணைக்காரருக்கு எப்படிச் சொல்வது? வருடக்கணக்காகத் திட்டிய வாய். நல்லதாக நாலு வார்த்தை அவரிடம் பேசிப் பழக்கமே இல்லை. வேலியருகே போய் நின்று பார்த்தாள். அவர் வெளியே வந்ததும் கால் தானாகத் திரும்பிவிட்டது. தோட்டத்திலேயே நல்ல பழமாகப் பொறுக்கி ஒரு பெட்டி கொடுத்தனுப்பினாள். மறுநாள் அதே பெட்டி நிறைய முட்டை வந்தது. கூடவே ஒரு வார்த்தைகூட வரவில்லை. இவள் மறுபடி பழம் அனுப்பினாள். அங்கிருந்து மறுபடி முட்டை வந்தது. சாப்பிட ஆளில்லாமல் முட்டைகளைத் தம்பி டிப்போவுக்கு எடுத்துப் போனான். அங்கே அவனுக்குப் புதுமதிப்பு வந்துவிட்டது.

முட்டை பொறுக்குகிற பெண்ணைப் பார்க்க அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலில் சாய்ந்திருந்த பெண் அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கெண்டைக்கால் முழுக்கக் கட்டு. ஈயக் குண்டுகளை எல்லாம் எடுத்தாயிற்று, நடை வந்துவிடும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள்.

"உங்களத்தான்க்கா நெனச்சேன். வேன்ல போறப்ப வலி தாங்காம உங்களத்தான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டே போனேன். நீங்க இல்லன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது."

"திட்டினா திட்டிட்டுப் போ. நான் பேசின பேச்சுக்கு அது கம்மிதான்" என்றாள் அக்கா.

அந்தப் பெண்தான் மீதியையும் சொன்னாள். சுட்டதற்கு மறுநாள் காலையில் இந்த வராந்தாவில் முதலாளியின் மச்சான் வந்திருந்தார். கதவுக்குப் பக்கத்தில்தான் இவள் கட்டில். மச்சான் குரலைத் தாழ்த்திப் பேசினாலும் கேட்டது. "மாமா, யோசிக்காதீங்க. அந்தம்மாதான்னு சொல்லுங்க. தொட்டிய ஓட்டை போடுவேன்னு அதுவே சொல்லியிருக்கு, யாரு சந்தேகப்படுவா? வெடிச்சத்தம் இன்னியோட ஒழியும்." முதலாளி பதிலே சொல்லவில்லையாம். ரொம்ப நேரம் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாராம். இவள் தூங்கி எழுந்து பார்த்தபோதும் அப்படியே இருந்தாராம். அப்புறம் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாராம்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தாள். பஸ்ஸில் ஏற வேண்டும் என்று தோன்றவில்லை. இதுவரை அவள் நினைத்திருந்தது, அந்த மனுஷன் ஒளிவுமறைவு தெரியாத ஆள், பார்த்ததைச் சட்டென்று சொல்லிவிட்டார் என்று. இப்போது பார்த்தால் அப்படி இல்லை. ஒரு காலைப் பொழுது முழுக்க அவர் உட்கார்ந்து தன்னோடு மல்லுக்கட்டியிருக்கிறார். அதன் பிறகு வந்து சொல்லியிருக்கிறார். வழியெல்லாம் அந்தக் குனிந்த தலையே அவள் கண்ணில் நின்றது. நன்றி என்பது அதுவரை நெஞ்சில் ஒரு பாரமாக இருந்தது. அன்றைக்கு அது இளகி, கண்ணில் நீராக வந்தது. எதிரில் வந்தவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

சுட்டவர்கள் சில வாரங்களில் அகப்பட்டார்கள். முயல் வேட்டைக்கு வந்த இரண்டு பேர். வேறொரு இடத்தில் இதே மாதிரி யாருடைய மாட்டையோ சுட்டு மாட்டிக்கொண்டு, விசாரணையில் இதையும் ஒப்புக்கொண்டார்கள். முயலுக்கு வைத்த குறி தவறித் தொட்டியில் பட்டது, அதன் அடியில் ஆள் இருந்தது தெரியாது என்றார்களாம். அக்காவின் துப்பாக்கி திரும்பி வந்தது. காகிதச் சீட்டு ஒன்றை நூலால் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சீட்டை அவிழ்த்துவிட்டு, கட்டையை ஈரத்துணியால் துடைத்து, முதல் முறையாக அதைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். எலுமிச்சை மரத்தின் மெல்லிய மஞ்சள் ரேகைகள் அதில் நீர்க்கோடு மாதிரி ஓடின. இத்தனை நாளும் கவனித்ததில்லை.

அதற்குப் பிறகு அவள் காலையில் வெடிப்பதை விட்டுவிட்டாள். விளிம்பு வரிசை மரங்களுக்கு வலை போர்த்தினாள். மினுமினுக்கிற நாடாக்களைக் கிளைகளில் கட்டினாள். காக்கைகள் இரண்டு நாள் பயந்தன, மூன்றாம் நாள் அந்த நாடாவிலேயே உட்கார்ந்தன. பழம் கொஞ்சம் போகத்தான் செய்தது, போகட்டும் என்றிருந்தாள். காட்டுப்பன்றி வந்தால் மட்டும், அதுவும் மதியத்துக்கு மேல், துப்பாக்கியை எடுத்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பண்ணைக்காரரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் புதுத் தொட்டி வைத்தபோது, வழிகிற தண்ணீர் வாய்க்கால் பக்கம் வராமல் குழாய் போட்டு வேறு பக்கம் திருப்பிவிட்டிருந்தார். நாற்றம் மட்டும் அப்படியேதான் இருந்தது. அதற்கு யாரால் என்ன செய்ய முடியும்?

அந்த வருடக் கோடை மோசமாக இருந்தது. ஒருநாள் நண்பகலில் காற்றே இல்லை. இலைகூட அசையவில்லை. அக்கா மரங்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, வழக்கமாகப் பண்ணைப் பக்கமிருந்து கேட்கிற மின்விசிறிகளின் இரைச்சல் சட்டென்று நின்றுபோனது. கரண்ட் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர் ஓடும் என்று காதுகொடுத்துக் கேட்டாள். அது இருமுகிற மாதிரி இரண்டு முறை சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. மறுபடி இருமியது, மறுபடி அடங்கியது. பண்ணைக்காரரின் மனைவி கொட்டகைக்கு வெளியே ஓடிவந்து தலையில் கைவைத்தபடி நின்றதை வேலி வழியாகப் பார்த்தாள்.

கோழிகளுக்கு வெக்கை ஆகாது. தகரக் கூரையின் கீழ், விசிறி இல்லாமல், அவை வாயைப் பிளந்துகொண்டு வரிசையாகச் சாய்ந்துவிடும். இது அவளுக்கும் தெரியும். அக்கா குழாயைக் கீழே போட்டாள். மரங்களுக்கு மருந்து அடிக்கிற பெரிய தெளிப்பான் டிராக்டரின் பின்னால் மாட்டியே இருந்தது. முந்தின வாரம்தான் கழுவி வைத்திருந்தாள். அதன் தொட்டியில் தண்ணீரை நிரப்பினாள், தம்பிக்குப் போன் செய்து உடனே வா, ஜெனரேட்டர் தெரிந்த ஆள் யாராவது இருந்தால் கூட்டிவா என்றாள். டிராக்டரைக் கிளப்பினாள். பண்ணை வாசல் சுற்றுவழி. அவ்வளவு தூரம் போக நேரமில்லை. வாய்க்காலில் தண்ணீர் இல்லை என்பது நினைவுக்கு வர, வேலியின் கம்பிகளை வெட்டித் தள்ளிவிட்டு நேரே இறக்கி ஏற்றினாள்.

பண்ணைக்காரர் ஜெனரேட்டர் முன்னால் மண்டியிட்டுக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். வேலியை உடைத்துக்கொண்டு வருகிற டிராக்டரைப் பார்த்து எழுந்து நின்றார். அக்கா என்ஜினை நிறுத்தாமலே கத்தினாள். "கூரை மேல அடிக்கிறேன். நீங்க உள்ள போயி படுதாவயெல்லாம் தூக்கி விடுங்க. சீக்கிரம்."

அவர் ஓடினார். அக்கா தெளிப்பானைத் திறந்துவிட்டாள். தகரக் கூரையில் தண்ணீர் பட்டதும் ஆவி பறந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கொட்டகை நெடுக டிராக்டரை ஊர்ந்து ஓட்டினாள், திரும்பினாள், மறுபடி ஓட்டினாள். தொட்டி காலியானதும் பண்ணையின் கிணற்றிலிருந்தே தெளிப்பானின் பம்பால் இழுத்து நிரப்பிக்கொண்டாள். கால் சரியாகி வேலைக்குத் திரும்பியிருந்த முட்டை பொறுக்குகிற பெண், கூண்டுகளுக்கு நடுவே வாளியோடு நடந்து கோழிகளின் மேல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வந்தாள். பண்ணைக்காரரின் மனைவி சாக்குகளை நனைத்துத் தொங்கவிட்டாள். 

தம்பி டிப்போவிலிருந்து இன்னொரு மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். டீசல் குழாயில் அடைப்பு. ஊதி எடுத்து மாட்டியதும் ஜெனரேட்டர் ஒருவழியாக ஓடியது. விசிறிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றத் தொடங்கின. சில கோழிகள் போய்விட்டன. அவற்றை ஓரமாக எடுத்துப் போட்டார்கள். மற்றவை பிழைத்துக்கொண்டன. வெயில் தணிந்தபோது கொட்டகைக்குள் கொக்கரிப்பு மெல்லத் திரும்பியது.

எல்லோரும் நிழலில் வந்து உட்கார்ந்தார்கள். முட்டைப் பெட்டிகளை உட்காரக் கவிழ்த்துப் போட்டுப் பண்ணைக்காரரின் மனைவி எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அக்காவுக்கு முதலில் கொடுத்தாள். அக்கா தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள். உடைந்த வேலியைப் பார்த்து, நாளைக்கே கம்பி கட்டித் தந்துவிடுகிறேன் என்றாள்.

"அது கிடக்குது விடுங்கக்கா" என்றார் பண்ணைக்காரர்.

அவர் அக்கா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. டம்ளரைக் கீழே வைத்தாள். இத்தனை நாள் வேலியருகே நின்று ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஒன்றும் அப்போது ஞாபகம் வரவில்லை. வந்ததை அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"தம்பி, அன்னிக்கு ஸ்டேஷன்ல நீங்க வந்து நின்னப்போ, என் கதை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். உங்க இடத்துல நான் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல. நீங்க சொன்ன அந்த ஒரு வார்த்தையில நான் இன்னிக்கு வெளியில தலைநிமிந்து நடக்கிறேன். அத உங்க முகத்தப் பாத்துச் சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன். வாய் வரல. சொல்லிட்டேன்."

பண்ணைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோலத் துடைத்தாள். அக்காவின் தம்பி எங்கேயோ பார்த்தான்.

"பெரிய பேச்செல்லாம் எதுக்குக்கா" என்றார் அவர் கடைசியில். "கொட்டகை முழுக்கப் போயிருக்கும் இன்னிக்கு. நான் உங்களுக்கு என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள் அக்கா.

பிறகு அவர் எழுந்து, கூரையை அண்ணாந்து பார்த்து, நாளைக்கும் வெயில் இப்படித்தான் அடிக்கும்போல இருக்கிறது, அந்தத் தெளிப்பானை இங்கேயே விட்டுவைக்க முடியுமா என்று கேட்டார். அக்கா முடியாது என்றாள். நாளைக்கு அதிகாலையில் மரங்களுக்கு அடிக்க வேண்டியிருக்கிறது, அது முடிந்ததும் கழுவித் தானே ஓட்டிக்கொண்டு வந்துவிடுவதாகச் சொன்னாள். டிராக்டரில் ஏறி உட்கார்ந்தாள். அவர் முன்னால் நடந்துபோய், அறுந்து கிடந்த கம்பிகளைச் சக்கரத்தில் மாட்டாதபடி இரண்டு கையாலும் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.